கயிற்றோடு போன பாதை

பாதையை விற்றுத் தின்றவன் என்று என் கொழுந்தன் சுருளியாண்டியை அடிவாரத்துக் கடைகளில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். அவன் விற்றது ஒரு குதிரையை, அதுவும் ஆடிச் சந்தையில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. பாதை தானாகத்தான் அதன் பின்னால் எழுந்து போனது. கூடவே இருந்து பார்த்தவள் நான் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எங்கள் ஏணிப்பாறைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து மலையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறுகிற ஒற்றைக் குதிரைப் பாதைதான் உண்டு, அந்தப் பாதையில் மூட்டையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல், அதற்கு மேலே ஒரு பலாமரம், பலாமரத்தைத் தாண்டினால் எங்கள் ஊர் நாய் குரைப்பது கேட்கும். காப்பிக்கொட்டையும் அவரைக்காயும் கீழே போவதும், அரிசியும் சிலிண்டரும் மேலே வருவதும், காய்ச்சல்காரனும் கல்யாணப்பெண்ணும் போவதும் வருவதும் எல்லாம் அந்த வழிதான், அதுவும் பெரும்பாலும் அல்லியின் முதுகில்தான். அல்லி, சுருளியின் பெண்டாட்டி, என் ஓரகத்தி போதுமணி வளர்த்த செவலைக் குதிரை. ஈன்றதும் தாய் செத்துப்போக, ஆட்டுப்பாலைப் பாட்டிலில் ஊற்றிப் புகட்டி, பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக வளர்த்தாள். படுக்கப் போகும் முன் கொள்ளு ஊறப்போட்டு, விடிந்ததும் கும்பாவில் எடுத்துக்கொண்டு போய்த் தன் கையாலேயே தின்னக் கொடுப்பாள். அதன் கழுத்துக் கயிறுகூடக் கடையில் வாங்கியது இல்லை. கத்தாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்து, நடுவில் ஒரு நீலப் பாசி கோத்து, அவளே செய்தது.

சுருளிக்கு ஏன் விற்கத் தோன்றியது என்றால், ரோடு வரப்போகிறது என்று எவனோ சொன்னான். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் ஊருக்கு ரோடு வரும், தேர்தல் முடிந்ததும் போய்விடும், எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஆனால் இந்தத் தடவை ஆட்கள் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள், இவன் நம்பிவிட்டான். ஜீப் ஓடத் தொடங்கினால் குதிரையை எவன் சீந்துவான், மவுசு இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு, லாடம் கட்டிக் கூட்டிவருகிறேன் என்று போதுமணியிடம் பொய் சொல்லிவிட்டு இறங்கினான். சாமான் வாங்க நானும் கூடவே இறங்கினேன், சந்தைக்குள் போன பிறகுதான் எனக்கே சங்கதி தெரிந்தது.

சந்தையில் தரகர் காசிம் ராவுத்தர் அல்லியைப் பார்த்த மாத்திரத்தில் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். வந்தவர் கிரிதரன், அந்தப் பக்கத்து மலையில், பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கிற ஊரில் ரிசார்ட் நடத்துகிறவர். அவருக்கு வேண்டியது பந்தயக் குதிரை இல்லை. பட்டணத்திலிருந்து வருகிறவர்களை உட்காரவைத்துக் காட்டுப் பாதையில் கூட்டிப்போக வேண்டும், உட்காருகிறவருக்குக் கடிவாளம் பிடிக்கத் தெரியாது, சரிவில் அலறுவார், முதுகில் இருந்துகொண்டே போன் பேசுவார், அதற்கெல்லாம் அசராத குதிரை வேண்டும். ராவுத்தர் அல்லியின் முகத்துக்கு நேரே குடையை டப்பென்று விரித்தார், பின்னால் தகர டப்பாவை உருட்டினார், வயிற்றுக்குக் கீழே குனிந்து போனார், அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நெற்றியில், நெஞ்சில், விலாவில் எல்லாம் சுழி பார்த்துக்கொண்டே வந்தவர், முன்னங்காலில் குளம்புக்கு மேலே இருந்த ஒரு சுழியில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இதற்குப் பெயர் தெரியவில்லை, நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை என்றார். அப்புறம் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரல் பேசி, பேரம் முடிந்தது.

எந்தச் சீவனை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து பூட்டுவார், விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டுவார். கிரிதரனுக்கு அது தெரியாது, அவர் கயிறு கொண்டுவரவில்லை. தூறல் விழத் தொடங்கியிருந்தது, லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், ராவுத்தர் அடுத்த பேரத்துக்குப் போயிருந்தார். சுருளி பெரிய மனுசன்போலக் கையை வீசி, கயித்தோடயே ஏத்திக்கங்க சார் என்றான். அட பாவி, அவிழ்டா என்று நான் கத்தினேன். ஒரு பழைய கயித்துக்கா இந்தக் கத்து கத்துற, பேசாமப் போ மதினி என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனுக்காகக் காத்திருக்கவில்லை, போதுமணியிடம் முதலில் நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

பலாமரத்தைத் தாண்டி ஊர் எல்லையில் நான் கால் வைத்தபோது எனக்குப் பின்னால் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாதை இல்லை. பலாமரம் இல்லை. பாறையும் பாசியும் உண்ணிச்செடியும் மட்டும், மனுசன் காலே படாத மாதிரி இருந்தது.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? தலைவர் பெத்தணன் வந்து பார்த்தார், எவனாவது வேலி போட்டு அடைத்திருப்பான் என்று முதலில் சந்தேகப்பட்டார், அப்புறம் அரிவாளோடு ஆட்களை இறக்கினார். அவர்கள் கீழே பார்த்து வெட்டிக்கொண்டே போய், கோயிலுக்குப் பின்னால் மேலே ஏறி வந்து சேர்ந்தார்கள். எந்தப் பக்கம் வெட்டினாலும் கோயிலுக்குப் பின்னால்தான் வந்து முடிந்தது, கடைசியில் பூசாரிதான் துளசிச் செடியெல்லாம் மிதிபடுகிறது, போதும் நிறுத்துங்கள் என்றார். அரிசி தீர்ந்தால் மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது, உப்புக்கு என்ன செய்வது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். குதிரை போன சங்கதியை நான் சொன்ன பிறகு போதுமணி பாதை போனதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் எட்டிப்பாறை என்று ஒரு நெட்டுக்குத்துப் பாறை உண்டு, அதன் நுனியில் நின்றால் அடிவாரம் தெரியும். அங்கே கீழே சிவப்பாக ஒரு புள்ளி அசையும். அது சுருளியின் துண்டு. வீட்டுக்குத் திரும்பலாம் என்று வந்தவன் பாதை இருந்த இடத்தில் நின்றுகொண்டு துண்டை வீசிக்கொண்டிருந்தான். போதுமணி பார்ப்பாள், கையை அசைக்க மாட்டாள், ஆனால் அந்தப் புள்ளி அசைவது நிற்கும்வரை அவளும் அங்கிருந்து நகர மாட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் போதுமணி வீட்டு வாசலில் மணிச் சத்தம் கேட்டது. அல்லி வந்து நின்றது, அதன் முதுகில் தொப்பி போட்ட தடித்த மனுசர் ஒருவர். ரிசார்ட் வாசலில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிசம் ஆகியிருக்கும், நடுவில் ஒரு பலாமரம் வந்தது, இது எந்த வியூ பாயின்ட் என்று கேட்டார். போதுமணி குதிரையிடம் போய், சேண வாரை இப்படியா இறுக்கிக் கட்டுவது என்று கோபப்பட்டு அதைத் தளர்த்திவிட்டாள். உள்ளே ஓடி, கொள்ளுக் கும்பாவை எடுத்துவந்தாள். குதிரை இல்லாத அந்த நாட்களிலும் அவள் கொள்ளு ஊறப்போட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அல்லி திரும்பிப் போனபோது நாங்களும் மூட்டையோடு பின்னாலேயே நடந்தோம். எங்கள் பலாமரம், எங்கள் சுமைதாங்கிக் கல், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, கடைசி வளைவைத் திரும்பினால் அடிவாரம் வருவதற்குப் பதில் ரிசார்ட்டின் நீச்சல் குளம் வந்தது. நனைந்த உடம்போடு இருந்த நாலு பேர் எங்களையும் காப்பி மூட்டைகளையும் பார்த்துவிட்டுத் துண்டைத் தேடினார்கள். கிரிதரன் முதலில் கோபத்தில் குதித்தார். அப்புறம், இப்படி ஒரு காட்டுப் பாதை வேறு எவனிடமும் இல்லை என்பது அவருக்குப் புரிந்ததும் அடங்கினார். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை, குதிரை போகும்போதும் வரும்போதும் ஊர்க்காரர்கள் பின்னாலேயே போய் வந்துகொள்ளலாம் என்று பேசி முடிந்தது.

அந்தப் பத்து மாதம் எங்கள் ஊர் வாழ்ந்த வாழ்வு இருக்கிறதே! காப்பிக்கு அந்த ஊரில் நல்ல விலை. பொம்பளைப் பிள்ளைகள் காலை நடையில் காலேஜுக்குப் போய் மத்தியான நடையில் திரும்பினார்கள். நான் டீக்கடை போட்டேன், வெந்த சோளமும் நெல்லிக்காயும் வைத்தேன், ஆளுக்கு ஆள் கடை வைத்தார்கள், பெத்தணன் ஊர் வாசலில் ஒரு வரவேற்பு வளைவே கட்டி வைத்தார். என் பேரனுக்கு வலிப்பு வந்தபோது அல்லி பின்னால்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன், நீச்சல் குளத்துக்கு எதிரிலேயே ஆஸ்பத்திரி, பிள்ளை பிழைத்தான். பழைய பாதையில் தூக்கிப் போயிருந்தால் சுமைதாங்கிக் கல்லில் பிணத்தைத்தான் இறக்கியிருப்பேன்.

சுருளி வரலாமே என்று நினைப்பீர்கள். வந்தான். பஸ் பிடித்து ரிசார்ட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு எங்களோடு சேர்ந்து குதிரைக்குப் பின்னால் நடந்தான். என் பக்கத்தில்தான் நடந்தான், பேசிக்கொண்டே வந்தான், பலாமரம் வந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், ஆள் இல்லை. அவன் கண்ணுக்குப் பாதையே வரவில்லையாம், ரிசார்ட்டின் புல்தரையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தானாம், வாட்ச்மேன் பிடித்து எதற்கடா குதிரை பின்னால் சுற்றுகிறாய் என்று கேட்டானாம். அடுத்த தடவை முதுகிலேயே ஏற்றி உட்காரவைத்து அனுப்பினோம். போதுமணி தலை வாரி, வாசல் தெளித்து நின்றாள். அல்லி வந்தது, சேணத்தில் அவன் சிவப்புத் துண்டு மட்டும் கிடந்தது. அவள் அந்தத் துண்டை எடுத்து மடித்து, மறுநடையில் வந்த குதிரையிடமே கொடுத்தனுப்பினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் அழுததைப் பார்த்தேன்.

காரணத்தைச் சொன்னவர் ராவுத்தர். ஏதோ கேள்விப்பட்டு ஒரு நாள் அல்லி முதுகில் மேலே வந்தார், போதுமணி வாசலில் இறங்கினார், அல்லியின் கழுத்தில் நீலப் பாசி கோத்த கயிற்றைப் பார்த்தார், பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ குதிரையைக் கை மாற்றிவிட்டேன், கயிற்றோடு கொடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் குதிரை நடந்து நடந்து உண்டான பாதை, இந்தக் கயிற்றில்தான் கட்டியிருக்கிறது, கயிற்றைக் கொடுத்தபோதே அந்த வழியில் நடக்கிற பாத்தியதையையும் அவன் கொடுத்துவிட்டான், அதனால்தான் அவன் காலுக்கு மட்டும் பாதை இல்லை என்றார்.

அப்ப கயித்த அவுத்துட்டா? என்று கேட்டாள் போதுமணி.

"பாதை பழைய இடத்துக்கு வந்துரும் தாயி. ஒம் புருசனும் வீட்டுக்கு வந்துருவாரு. ஆனா குதிரை வித்தது வித்ததுதான், அது வாங்குனவரோட போயிரும், இந்த வாசலுக்கு மறுபடி வராது," என்றார் ராவுத்தர். அப்புறம், நினைவு வந்தவர்போல, "அவுக்கணும். வெட்டிரக் கூடாது. வெட்டுனா பாதையும் அந்த இடத்துல வெட்டுப்படும்," என்றார்.

காற்றுக்குக் காது முளைத்த ஊர் எங்கள் ஊர். சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. பெத்தணன் கெட்டவர் இல்லை, அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை: காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒரு மனுசன் செய்த தப்புக்கு அவனே அடிவாரத்தில் இருந்துகொள்ளட்டும், வேண்டுமானால் போதுமணி அங்கே போய் அவனோடு இருக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. என் வீட்டை விட்டுவிட்டு நான் எதற்குப் போக வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள். கயிற்றில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முடிவானது. கிரிதரன் காதில் இது விழவே கூடாது என்றும் முடிவானது. குதிரை வந்து நிற்கிற நேரமெல்லாம் போதுமணியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும், அந்த வேலையை ஓரகத்தி நீதான் பார்க்க வேண்டும் என்று என் தலையில் கட்டினார்கள். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பேரன் முகம் என் கண் முன்னால் நின்றது.

அதிலிருந்து தினமும் அவள் கும்பாவோடு வருவாள், நான் கடையை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்பேன். ஒரு கையால் கொள்ளு ஊட்டுவாள், இன்னொரு கையால் கழுத்தைத் தடவுவாள், அந்தக் கை கயிற்றுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் ஓர் எட்டு முன்னால் வைப்பேன். ஆனால் என் காவலுக்கு வேலையே இல்லை. கயிறு கழன்றால் யார் வருவார், யார் போவார் என்பது அவளுக்குத் தெரியும். அல்லி அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடும், அவளும் கண்ணை மூடிக்கொள்வாள், கும்பா காலியான பிறகும் ரெண்டு பேரும் அப்படியே நிற்பார்கள்.

சுருளி ரிசார்ட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். ராவுத்தர் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டு கிடக்கிறான், பாதி உடம்பு ஆகிவிட்டான், பாறையிலேயே ஏறி வந்துவிடுகிறேன் என்று பிதற்றுகிறான் என்று காப்பி வியாபாரி ஒருவர் சொன்னார். கேட்டுவிட்டு அவள் கும்பாவைக் கழுவி வைத்தாள்.

வைகாசி கடைசி, மழை தொடங்குகிற நேரம். அன்று காலையில் கிரிதரனே அல்லி மேல் ஏறி வந்தார், போதுமணி வீட்டை அடுத்த நிலத்தில் விடுதி கட்டுவது பற்றிப் பேச. வளைவுக்குக் கீழே பெத்தணனும் ஊரும் மாலையோடு நின்றார்கள். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். எட்டிப்பாறையிலிருந்து போதுமணி ஓடி வந்தாள், தலை அவிழ்ந்து கிடந்தது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறை நுனியில் நிறுத்தினாள். கீழே, பாறையின் பாதி உயரத்தில், சிவப்புத் துண்டு. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். மேலேயும் நகரவில்லை, கீழேயும் நகரவில்லை. அவனுக்குக் கீழே மழைமேகம் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு மேலே வந்தது, அது வந்து தொட்டால் பாறை வழுக்கும், அவ்வளவுதான்.

அவள் நேரே குதிரையிடம் போனாள். பெத்தணன் மாலையை எறிந்துவிட்டுக் குறுக்கே வந்தார், ஊர் முடிவு பண்ணினதை மறந்துராத என்றார்.

"அங்க தொங்குறது ஊரு இல்ல மாமா," என்றாள் போதுமணி. "எம் புருசன்."

கயிற்றில் கை வைத்துவிட்டாள். பத்து மாத வேர்வையிலும் மழையிலும் முடிச்சு இறுகிக் கல்லாகக் கிடந்தது, விரல் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள், உதடு கிழிந்தது. சுற்றிலும் ஊரே கத்துகிறது, ஒருத்தி அவள் சேலையைப் பிடித்து இழுக்கிறாள், முதுகில் உட்கார்ந்த கிரிதரன் என்ன நடக்கிறது என்று கேட்டுக் கடிவாளத்தை இப்படியும் அப்படியும் வலிக்கிறார், அல்லி அசையவில்லை. குடைக்கு அசராத மாதிரி, டப்பாவுக்கு அசராத மாதிரி, கழுத்தை அவளுக்கு வாகாகத் தாழ்த்திக் கொடுத்துக்கொண்டு நின்றது.

நான் இடுப்பிலிருந்து கதிர் அரிவாளை எடுத்துவிட்டேன். "வெட்டிராதக்கா," என்று அலறினாள் அவள், "வெட்டுனா அவரு நிக்கிற இடத்துல அந்துபோகும்." அரிவாளைக் கீழே போட்டேன். அவள் கையைப் பிடித்து நிறுத்துவதற்குத்தானே என்னை வைத்திருந்தார்கள், பேரன் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அந்த உதட்டு ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. காப்பிப் பழம் பறித்துப் பறித்து உரமேறிய நகம் என் நகம். அவள் ஒரு பக்கம் நெம்ப, நான் ஒரு பக்கம் நெம்ப, நீலப் பாசி உருண்டு ஒதுங்கியது, முடிச்சு மூச்சு விட்ட மாதிரி நெகிழ்ந்தது.

கயிறு கழன்று அவள் கைக்கு வந்ததும் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப்பாறைக்கு ஓடிப் பார்த்தேன். சிவப்புத் துண்டு நிமிர்ந்து நின்றது. அவன் காலுக்குக் கீழே பாதை, பக்கத்தில் சுமைதாங்கிக் கல், அவன் அந்தக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

கிரிதரனுக்குப் பின்னால் இருந்த வழி உண்ணிச்செடியாகக் கிடந்தது. அவர் குதிரையை விட்டு இறங்கினார். போதுமணி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, உதட்டைத் துடைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"வாங்குனவரு நீங்க. உங்க கயித்தப் போட்டு ஓட்டிட்டுப் போங்க சார்."

அவரிடம் கயிறு ஏது? அங்கும் இங்கும் பார்த்தார், ஒருவரும் ஒரு முழம் சணலைக்கூட நீட்டவில்லை, கடைசியில் இடுப்பு பெல்டை உருவி அல்லியின் கழுத்தில் பூட்டினார். ஒரு கையில் பெல்ட், ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய பாதையில் அடிவாரத்தைப் பார்த்து இறங்கினார். போதுமணி அல்லியின் நெற்றியைத் தொட்டாள், பாதை முனைவரை கூட நடந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். பலாமரத்துக்குக் கீழே சுருளி ஏறி வந்தான், குதிரைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். அல்லி அவன் தோளை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மணிச் சத்தம் தேய்ந்து நிற்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

அவன் மேலே வந்து சேர்ந்தபோது அவள் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். அழாத புள்ள, அதான் வந்துட்டேன்ல என்றான் அந்தக் கூறு கெட்டவன்.

"குதிரைக்காக அழுறேன்," என்றாள். "உங்களுக்காக இல்ல."

ஊர் எங்கள் ரெண்டு பேரோடும் வெகுநாள் பேசவில்லை. காலேஜ் பிள்ளைகளுக்கு ரிசார்ட் ஊரிலேயே விடுதி பார்த்தார்கள், என் டீக்கடையில் வளைவின் நிழல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது, என் பேரனுக்கு மறுபடி ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று நான் கும்பிடாத சாமி இல்லை. அல்லி இப்போது ரிசார்ட் புல்தரையைச் சுற்றி வருகிறது என்றும், ஏறுகிறவர்கள் ஐந்து நிமிசத்தில் இறங்கிவிடுகிறார்கள் என்றும் ராவுத்தர் சொன்னார். மூட்டையெல்லாம் சுருளி முதுகில் ஏறி இறங்குகிறது. ரோடு இன்னும் வரவில்லை.

கயிறு கொட்டகை ஆணியில் தொங்குகிறது. போதுமணி இன்றைக்கும் படுக்கப் போகும் முன் கொள்ளு ஊறப்போடுகிறாள், விடிந்ததும் கும்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, மணிச் சத்தம் வந்துகொண்டிருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். அப்புறம் உள்ளே போய் அதைச் சுருளி முன்னால் வைக்கிறாள். அவன் ஒரு கொள்ளுகூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு எழுந்திருக்கிறான்.